ஊர் சேர்ந்து மின்சாரம் வாங்குவதா, இருந்தபடியே இருப்பதா: மாசச்சூசெட்ஸ் வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வசிப்போர் பலருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் தங்கள் ஊரின் முத்திரை பதித்த கடிதம் ஒன்று வருகிறது. ஊர் நிர்வாகம் குடியிருப்போர் அனைவருக்கும் சேர்த்து மின்சாரம் வாங்கப் போகிறது. நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் இன்ன தேதிக்குப் பிறகு உங்கள் கணக்கும் அதில் சேர்க்கப்படும். வேண்டாமென்றால் உடன் வைத்துள்ள அட்டையில் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். விளம்பரம் என்று எண்ணிக் கிழித்துப் போடுவோரும், மோசடியாக இருக்குமோ என்று அஞ்சி விலகல் அட்டையை அன்றே தபாலில் சேர்ப்போரும் உண்டு. ஆண்டுக்குச் சில நூறு டாலர்கள் கூடுவதும் குறைவதும் சார்ந்த இந்த முடிவை அப்படி எடுக்க வேண்டியதில்லை. உள்ள வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கே இக்கட்டுரை.

முதலில் மின்கட்டண ரசீதைப் பார்க்க வேண்டும். அதில் டெலிவரி, சப்ளை என்று இரண்டு பகுதிகள் இருக்கும். கம்பி, கம்பம், மின்மாற்றி, மீட்டர், புயலில் அறுந்த கம்பியைச் சரிசெய்யும் ஆட்கள் ஆகிய அனைத்துக்குமான செலவு டெலிவரிப் பகுதியில் வரும். எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட், யூனிடில் ஆகிய விநியோக நிறுவனங்களில் எது உங்கள் பகுதிக்கு உரியதோ அதற்கே அந்தத் தொகை போகும். அதை மாற்ற வழியில்லை. சப்ளைப் பகுதி என்பது அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் விலை. 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. 1998 மார்ச் முதல் சப்ளையை யாரிடம் வாங்குவது என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. இனிச் சொல்லப்போவதெல்லாம் சப்ளைப் பகுதியைப் பற்றியது மட்டுமே. எந்த வழியைத் தேர்ந்தாலும் ரசீது அதே நிறுவனத்திடமிருந்துதான் வரும். மின்தடை ஏற்பட்டால் அழைக்க வேண்டிய எண்ணும் அதுவேதான்.

எதையும் தேர்ந்தெடுக்காத வீட்டுக்குக் கிடைப்பது விநியோக நிறுவனத்தின் அடிப்படைச் சேவை. பலர் நினைப்பதுபோல் இது அந்நிறுவனம் தானே உற்பத்தி செய்து விற்கும் மின்சாரம் அன்று. அது டெண்டர் விட்டு மொத்தச் சந்தையில் வாங்கி, இலாபம் சேர்க்காமல் வாங்கிய விலைக்கே நமக்குத் தருகிறது. விலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்; ஒவ்வொரு முறையும் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டுத் துறை அதை ஆய்ந்து ஒப்புதல் தருகிறது. ஒப்பந்தம், காலக்கெடு, விலகல் கட்டணம் என்று எதுவும் இல்லை. சந்தை விலை இறங்கினால் அடுத்த ஆறு மாதத்திலோ அதற்கடுத்த ஆறு மாதத்திலோ அந்த இறக்கம் ரசீதிலும் தெரிந்துவிடும். இந்த நேர்மையான எளிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சந்தை ஏறினாலும் அப்படியே வந்து சேரும். மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கிறது. கடுங்குளிரில் அதே எரிவாயு வீடுகளைச் சூடாக்கவும் தேவைப்படுகிறது. குழாய்களின் கொள்ளளவோ மட்டுப்பட்டது. அதனால் மின் நிலையங்கள் கப்பலில் வரும் திரவ எரிவாயுவுக்கு உலக விலை கொடுக்க நேரிடுகிறது. உக்ரைன் போருக்குப் பின் வந்த 2022-23 குளிர்காலத்தில் இது என்ன செய்தது என்பதை நேஷனல் கிரிட் வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய குளிர்காலத்தில் யூனிட்டுக்கு 14.821 சென்ட்டாக இருந்த வீட்டு உபயோக அடிப்படைச் சேவை விலை, 2022 நவம்பர் முதல் 33.891 சென்ட்டாக உயர்ந்தது. மாதம் 600 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குச் சப்ளைப் பகுதியில் மட்டும் மாதத்துக்கு 114 டாலர் கூடுதல். மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குவோருக்கு இது பல மடங்கு. அதே குளிர்காலத்தில், விலை ஏறுவதற்கு முன்பே பல்லாண்டு ஒப்பந்தம் போட்டிருந்த ஊர்களின் குடும்பங்கள் பழைய விலையிலேயே தொடர்ந்தன. கூட்டுக் கொள்முதல் எதற்குப் பயன்படும் என்பதை அந்த ஆறு மாதங்கள் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை.

இரண்டாவது வழி, தனியாக ஒரு போட்டி நிறுவனத்திடம் ஒப்பந்தம் செய்துகொள்வது. கதவைத் தட்டியோ தொலைபேசியிலோ வருவோர் பெரும்பாலும் இதைத்தான் விற்கிறார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், தயக்கமின்றியே சொல்கிறேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு தனித்தனியாக மாறிய வீட்டு வாடிக்கையாளர்கள் 2015 ஜூலை முதல் 2017 ஜூன் வரையிலான இரண்டே ஆண்டுகளில், அடிப்படைச் சேவையிலேயே இருந்திருந்தால் செலுத்தியிருக்கக் கூடியதைவிட 17.68 கோடி டாலர் அதிகம் செலுத்தினர். பின்னர் அதே அலுவலகம் கணக்கை 2020 ஜூன் வரை நீட்டியபோது ஐந்தாண்டு இழப்பு 42.6 கோடி டாலர் என்று தெரியவந்தது. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களே இவ்வலையில் அதிகம் சிக்கின என்பது அந்த ஆய்வின் மிகவும் வேதனைக்குரிய பகுதி. முதல் சில மாதங்களுக்குக் குறைந்த விலை, அது முடிந்ததும் அறிவிப்பு கண்ணில் படாமலே மாறும் விலை, தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்பதே வழக்கமான அமைப்பு. ஒவ்வொரு மாதமும் ரசீதைப் பார்த்து, ஒப்பந்த முடிவுத் தேதியைக் குறித்துவைத்து, உரிய நாளில் வெளியேறும் ஒழுங்குள்ளவர் பயனடையலாம். அப்படிப்பட்டவர் மிகச் சிலர். இந்த வணிகம் அச்சிலரை நம்பி நடக்கவில்லை.

மூன்றாவது வழியே ஊரின் கூட்டுக் கொள்முதல். தனி நிறுவனத்தின் விற்பனைக்கும் இதற்கும் சட்ட அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. 1997ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கும் இடமளித்தது. நகர மன்றமோ, ஊர் மக்கள் கூடி முடிவெடுக்கும் டவுன் மீட்டிங்கோ வாக்களித்து அனுமதி தர வேண்டும். ஊர் நிர்வாகம் மாநில எரிசக்தித் துறையுடன் கலந்து ஒரு திட்டம் வரைய வேண்டும். பொதுப் பயன்பாட்டுத் துறை அதை விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே ஊர் மின் விற்பனையாளர்களிடம் விலை கேட்க முடியும். அதே 1997இல் கேப் காடும் மார்த்தாஸ் வின்யார்டும் சேர்ந்த 21 ஊர்கள் கேப் லைட் காம்பாக்ட் என்ற அமைப்பை நிறுவின; நாட்டில் இவ்வகையில் அதுவே முன்னோடி. கேம்பிரிட்ஜ், ஆர்லிங்டன், லெக்சிங்டன் ஆகியவை 2017இலும், நியூட்டன் 2019இலும், பாஸ்டன் 2021 பிப்ரவரியிலும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின.

இதில் பலருக்கும் உறுத்துவது, கேட்காமலே சேர்க்கிறார்களே என்பது. அடிப்படைச் சேவையில் இருக்கும் கணக்குகள் எல்லாம் தாமாகச் சேர்க்கப்படும். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ள வேண்டும். தனி நிறுவனத்துடன் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்போர் தானாகச் சேர்க்கப்படுவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொருவரும் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று விட்டால் சேர்வோர் மிகக் குறைவாகவே இருப்பர். இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை யூனிட் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் எந்த விற்பனையாளரும் நல்ல விலை தர மாட்டார். அதற்கு ஈடாகவே விலகும் உரிமை வலுவாக அமைக்கப்பட்டிருக்கிறது: தொடக்கத்தில் முப்பது நாள் அவகாசத்துடன் கடிதம் வருகிறது, பிறகும் பெரும்பாலான ஊர்த் திட்டங்களில் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி வெளியேறலாம். கேட்காமலே சேர்ப்பதில் உள்ள நெருடலை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைச் சேவையும் நாம் கேட்டுச் சேர்ந்ததன்று. ஒன்றுக்கு ஊர் மக்களின் வாக்கு அடிப்படையாக இருக்கிறது, மற்றொன்றுக்கு அதுவும் இல்லை.

இப்போது மையமான கேள்விக்கு வரலாம். கூட்டாக வாங்கினால் ஏன் மலிவாக வேண்டும்? மொத்தமாக வாங்குவதால் விலை குறையும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. ஊர்க் கூட்டங்களிலும் இதைத்தான் அதிகம் கேட்கலாம். ஆனால் அது பாதி உண்மைதான். அடிப்படைச் சேவைக்காக விநியோக நிறுவனம் வாங்குவது லட்சக்கணக்கான வீடுகளுக்கு; எந்த ஊரையும்விட அது பெரிய கொள்முதல். அளவு ஒன்றுதான் விலையைத் தீர்மானிக்கும் என்றால் ஊர் எந்நாளும் தோற்றுத்தான் போகும். ஊருக்கு உண்மையில் கிடைப்பவை வேறு. விநியோக நிறுவனம் விதிப்படி குறித்த மாதங்களில் வாங்கியே தீர வேண்டும், சந்தை எப்படி இருந்தாலும் சரி. ஊரோ காத்திருக்கலாம், விலை இறங்கியிருக்கும்போது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டிவிடலாம், எந்த விலையும் சரிப்படாவிட்டால் ஒப்பந்தமே செய்யாமல் இருந்துவிடலாம். இதோடு மின்சாரத்தில் எவ்வளவு பங்கு காற்றாலையிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் வர வேண்டும் என்பதையும் ஊரே தீர்மானிக்கலாம். ஆகவே ஊர்த் திட்டத்தைத் தள்ளுபடி விற்பனையாகப் பார்க்கக் கூடாது. அது நீண்ட கால நிலைத்த விலை. அதில் இலாபமும் வரலாம், நட்டமும் வரலாம்.

எந்த மாநிலமும் ஊர்த் திட்டத்தில் சேமிப்பு நிச்சயம் என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. மூன்றாண்டு விலையை இன்று பூட்டினால், அம்மூன்றாண்டில் சந்தை விலை சரியும்போதெல்லாம் ஊர் விலை அடிப்படைச் சேவையைவிட மேலே நிற்கும். யூனிட்டுக்கு 2 சென்ட் அதிகமாக ஆறு மாதம் நின்றது என்று வைத்துக்கொண்டால், மாதம் 600 யூனிட் வீட்டுக்கு அது 72 டாலர். இந்த 72 டாலரையும், முன்சொன்ன குளிர்காலத்தின் மாதத்துக்கு 114 டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிறு நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பெரும் அதிர்ச்சியைத் தவிர்ப்பது, மாதச் சம்பளத்தில் வாடகையும் கல்விக் கடனும் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துவோருக்கு நியாயமான பேரம் என்பது என் உறுதியான எண்ணம். சேமிப்பு கையில் இருந்து, ஒரு குளிர்கால ஏற்றத்தைத் தாங்கக் கூடியவர்களுக்கு அடிப்படைச் சேவையும் தவறான தேர்வன்று.

விலையை ஒப்பிடும்போது கவனிக்காமல் விடப்படும் ஒன்று பருவம். அடிப்படைச் சேவையின் விலை குளிர்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்கும். ஊர் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை. ஒரு கணக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம்: அடிப்படைச் சேவை குளிர்காலத்தில் 18 சென்ட், கோடையில் 13 சென்ட், இரு பருவத்திலும் சம அளவு செலவு. ஆண்டுச் சராசரி 15.5 சென்ட். ஊர் 15 சென்ட்டுக்கு ஒப்பந்தம் போட்டால் ஆண்டு முழுக்கப் பார்க்கையில் இலாபம்தான். ஆனால் கடிதம் ஜூலையில் வந்தால், அதிலுள்ள ஒப்பீட்டு அட்டவணையில் 13க்கு எதிரே 15 நிற்கும். பார்ப்பவர் ஊர் ஏமாற்றுகிறது என்று விலகிவிடுவார். ஜனவரியில் வந்தால் 18க்கு எதிரே 15. அதே ஒப்பந்தம் அற்புதமாகத் தோன்றும். இரண்டும் கடிதம் வந்த மாதத்தின் விளைவுதான். அட்டவணையில் இருக்கும் அடிப்படைச் சேவை விலை எந்த மாதம் வரைக்குமானது என்பதை முதலில் படித்து, முந்தைய பன்னிரண்டு மாத ரசீதுகளிலிருந்து உங்கள் சொந்தச் சராசரியைக் கணக்கிட்டுக்கொள்வது அரைமணி நேர வேலை.

பிற மாநிலங்களின் பட்டறிவு இந்த இடத்தில் உதவும். இல்லினாய் மாநிலம் 2009இல் சட்டமியற்றிய பின் நூற்றுக்கணக்கான ஊர்கள் கூட்டுக் கொள்முதலில் இறங்கின. 2012 நவம்பரில் சிகாகோ வாக்காளர்களும் ஒப்புதல் தந்தனர். தொடக்கத்தில் சேமிப்பு பெரிதாக இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் சிகாகோவின் அளவன்று. அங்குள்ள விநியோக நிறுவனமான காம்எட், பழைய விலையேறிய ஒப்பந்தங்களைச் சுமந்துகொண்டிருந்தது. அவை 2013இல் முடிந்ததும் அதன் விலை சரிந்தது. நகரத்தின் சேமிப்பும் கரைந்தது. 2015இல் சிகாகோ திட்டத்தையே நிறுத்தி மக்களைக் காம்எட்டிடம் திருப்பி அனுப்பியது. மொத்தக் கொள்முதல் என்பதால் மட்டும் நிலையான இலாபம் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் வெளியேற வேண்டிய நேரத்தில் நகரம் வெளியேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்கள் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கவில்லை.

ஒஹாயோவில் 2022இல் நடந்தது இன்னும் பெரிது. வடகிழக்கு ஒஹாயோவின் ஊர்களுக்காக வாங்கும் நோபெக் என்ற பொது அமைப்பின் விலை சந்தையோடு சேர்ந்து ஏறிவிட, அது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை அப்போது மலிவாக இருந்த விநியோக நிறுவனங்களின் சேவைக்கு மாற்றியது. அந்த மக்களுக்கு அது நன்மையே. ஆனால் திடீரென்று அத்தனை பேர் வந்து சேர்வதன் செலவை யார் சுமப்பது என்ற கடும் வாதம் எழுந்தது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் வரை அது போயிற்று. அதே ஆண்டில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கு ஊர்களில், விலை ஏறியதும் விற்பனையாளர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கைவிட, குடும்பங்கள் உயர்ந்த விலைக்குத் திரும்ப நேர்ந்தது. ஊர்கள் வழக்கு மன்றம் சென்றன. நிலைத்த விலை என்று காகிதத்தில் எழுதியிருப்பது, எழுதியவர் தாங்கும் வலு உள்ளவராக இருந்தால்தான் நிலைக்கும்.

அதனால்தான் ஊர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் விதிகளை விலையைவிடக் கூர்ந்து படிக்க வேண்டும் என்கிறேன். இது பொது ஆவணம். ஊர் நிர்வாகத்திடம் கேட்டால் தருவார்கள். விற்பனையாளர் தவறினால் ஊர் மக்களுக்கு ஈடு செய்ய என்ன உத்தரவாதம் வைத்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். அடுத்தது, சட்டம் மாறினால் கூடுதல் செலவை மக்கள் மீது ஏற்றலாம் என்ற விதி. மாநிலம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் கட்டாயப் பங்கை உயர்த்தினாலோ, மொத்தச் சந்தையை நடத்தும் அமைப்பு புதுக் கட்டணம் விதித்தாலோ, நிலைத்த விலை என்று சொன்னது நிலைக்காமல் போவது இவ்விதியின் வழியாகத்தான். இவ்விதி இல்லாத ஒப்பந்தம் கிடைப்பது அரிது. ஆனால் ஊரின் ஒப்புதலும் கணக்கு விவரமும் இன்றி ஏற்றக் கூடாது என்று எழுத வைக்க முடியும். மூன்றாவது, விலகல் கட்டணம் ஒருபோதும் இல்லை என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றனவா என்பது.

இடையில் ஓர் ஆலோசகர் இருப்பார். ஏலம் நடத்துவதும், கடிதம் அச்சிடுவதும், தொலைபேசி உதவி தருவதும் அவர் வேலை. அவருக்குரிய தொகை ஊர்ப் பணத்திலிருந்து போவதில்லை. பெரும்பாலும் யூனிட்டுக்கு 0.1 சென்ட் என்று விலையிலேயே சேர்ந்திருக்கும். மாதம் 600 யூனிட் வீட்டுக்கு ஆண்டுக்கு 7 டாலர் 20 சென்ட். தொகை சிறிதுதான். ஆனால் ஒப்பந்தம் நடந்தால்தான் அவருக்கு வருமானம் என்பதால், விலை சரியில்லை, காத்திருங்கள் என்று சொல்ல வேண்டிய நேரத்திலும் சொல்லாமல் இருக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. ஊரில் எரிசக்திக் குழு ஒன்று தனியாகச் சந்தை விலையைக் கவனித்து வருவது இதற்கு நல்ல மாற்று.

பசுமை மின்சாரம் பற்றிய பகுதியில்தான் கடிதங்கள் மிகவும் குழப்புகின்றன. மாநிலச் சட்டப்படி 1997க்குப் பின் இயங்கத் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களிலிருந்து வரும் முதல் வகுப்பு மின்சாரம், எந்த வழியில் வாங்கினாலும் குறித்த பங்கு இருந்தே தீர வேண்டும். 2025இல் அது 27 சதவீதமாக இருந்தது, ஆண்டுதோறும் ஏறுகிறது. ஊர் விரும்பினால் இதற்கு மேலும் சேர்க்கலாம். நியூட்டன் தொடங்கும்போதே 60 சதவீதம் என்று வைத்தது. இந்தக் கூடுதல் பங்கு சான்றிதழ்கள் வழியாகக் கணக்கிடப்படுகிறது. 1,000 யூனிட் உற்பத்திக்கு ஒரு சான்றிதழ். நியூ இங்கிலாந்தில் புதிதாக நிறுவப்பட்ட காற்றாலையின் சான்றிதழுக்கும், டெக்சாஸில் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் காற்றாலைகளின் சான்றிதழுக்கும் விலையில் மிகப் பெரிய வேறுபாடு உண்டு, பலனிலும் உண்டு. முதலாவது நம் பகுதியில் புது நிலையம் கட்ட முதலீட்டாளருக்கு ஊக்கம் தருகிறது. இரண்டாவது பெரும்பாலும் காகித மாற்றமே. 100 சதவீதப் பசுமை என்று மிகக் குறைந்த விலையில் எழுதியிருந்தால், எந்த வட்டாரச் சான்றிதழ் என்று கேளுங்கள்.

இதற்கான செலவை நாமே கணிக்கலாம். முதல் வகுப்புச் சான்றிதழ் போதாமல் போகும் விற்பனையாளர் மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை 1,000 யூனிட்டுக்கு 40 டாலர்; ஆகவே சான்றிதழின் விலை அதைத் தாண்டிப் போக வாய்ப்பில்லை. மாதம் 600 யூனிட் வீடு, 2025இல் கட்டாயமாக இருந்த 27 சதவீதம் போக மீதி 438 யூனிட்டுக்கும் சான்றிதழ் வாங்கினால் உச்சமாக மாதம் 17 டாலர் 50 சென்ட் ஆகும். தட்பவெப்ப மாற்றம் பற்றி அக்கறை உள்ளவர் செய்யக்கூடிய மிக நேரடியான செலவுகளில் இது ஒன்று என்பேன். ஆனால் அதை எல்லோர் மீதும் இயல்பு நிலையாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கடிதத்தைப் படிக்காத குடும்பம், பெரும்பாலும் படிக்க நேரமில்லாத குடும்பம், அந்தச் செலவையும் அறியாமலே ஏற்கும். இயல்பு நிலை மிதமான கூடுதலாகவும், 100 சதவீதம் விரும்பிச் சேர்வோருக்காகவும், கட்டாயப் பங்கு மட்டும் போதும் என்போருக்கு ஒரு தெரிவாகவும் மூன்று படிகள் வைப்பதே முறையானது. பாஸ்டன் அப்படி மூன்று தெரிவுகள் வைத்திருக்கிறது.

சில வீடுகளுக்குத் தனிக் கவலைகள் இருக்கும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போர் ஊர்த் திட்டத்தில் சேர்ந்தால் நெட் மீட்டரிங் வரவு, அதாவது மிஞ்சிய மின்சாரத்தைக் கம்பியில் திருப்பி அனுப்புவதற்கு ரசீதில் கிடைக்கும் கழிவு, குறையுமோ என்று கேட்கிறார்கள். மாசச்சூசெட்ஸில் அந்த வரவு அடிப்படைச் சேவை விலையை வைத்தே கணக்கிடப்படுவதால் குறையாது. குறைந்த வருமானத்துக்கான கட்டணச் சலுகையும் அப்படியே தொடரும். வெளியிலுள்ள சமூகச் சூரியப் பண்ணையில் பங்கு எடுத்தவர் அதை இதோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று. வாடகை வீட்டில் ஓராண்டு மட்டும் இருக்கப் போகிறவர் மூன்றாண்டு ஒப்பந்தம் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஊருக்கும் விற்பனையாளருக்கும் இடையிலானது, கணக்கை மூடினால் அவ்வளவுதான். ஒரு முறை விலகிவிட்டு, விலை ஏறியபின் திரும்பச் சேர எண்ணுவோர் மட்டும் கவனிக்க வேண்டும்: பல திட்டங்களில் தாமதமாகச் சேர்வோருக்குப் பழைய விலை கிடைக்காது, அன்றைய சந்தை விலைதான்.

யாராவது வாசலில் நின்று, ஊர்த் திட்டத்திலிருந்து வருகிறேன், ரசீதைக் காட்டுங்கள் என்றால் காட்டாதீர்கள். ஊர்த் திட்டம் அவ்வாறு வீடு வீடாகக் கேட்டு வருவதில்லை. அதற்கு உங்கள் கணக்கு எண் தேவையும் இல்லை, அதை விநியோக நிறுவனமே தருகிறது. தமிழில் பேசி வந்தாலும் இதே விடைதான். ரசீதிலுள்ள கணக்கு எண் ஒன்று கிடைத்தால் போதும், உங்கள் சப்ளையை வேறிடத்துக்கு மாற்றிவிட முடியும்.

வீட்டின் முடிவு இப்படி. ஊரின் முடிவு இன்னும் நடக்காத இடங்களில் டவுன் மீட்டிங்கில் கேள்வி வேறு வடிவில் வரும்: எப்படிப்பட்ட கூட்டுக் கொள்முதல்? தன் ஊருக்கென்றே மின்துறை வைத்திருக்கும் ஷ்ரூஸ்பெரி, பெல்மான்ட், வெல்லஸ்லி போன்ற இடங்களைப் பார்த்து அதையே கேட்போர் உண்டு. மாநிலத்தில் அத்தகைய அமைப்புகள் 41 இருக்கின்றன. அவற்றின் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் 1920களுக்குப் பின் புதிதாக ஒன்றுகூட உருவாகவில்லை. கம்பியையும் கம்பத்தையும் விநியோக நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும், அது விற்க மறுத்தால் சட்டத்தில் வழி குறைவு. கலிஃபோர்னியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2010இல் மரின் மாவட்டத்தில் தொடங்கியதைப் பின்பற்றி இன்று இருபதுக்கும் மேற்பட்ட பொது அமைப்புகள் மின் நிலையங்களுடன் நேரடியாக நீண்ட ஒப்பந்தம் செய்கின்றன; கையிருப்பு நிதியும் சேர்க்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஊர்கள் சேர்ந்து அமைத்த கூட்டணி 2023இல் மின்சாரம் தரத் தொடங்கியது. தரகரிடம் விடாமல் தாங்களே வாங்கி, மிச்சத்தைக் கையிருப்பில் வைக்கும் முறை அது. ஒரே ஒரு சிற்றூருக்கு இவ்வளவு ஆள்பலம் இராது. ஆலோசகர் வழி எளிது. கூட்டணி வழியில் ஆதாயமும் சுமையும் ஊர்களுக்கே. பக்கத்து ஊர்கள் ஏற்கெனவே திட்டம் வைத்திருந்தால் அவற்றோடு சேர்ந்து ஏலம் கேட்பதை நான் முதலில் பரிசீலிப்பேன்.

டவுன் மீட்டிங்கில் அளிக்கும் வாக்கு எந்த விலைக்கும் ஒப்புதலாகாது. திட்டம் வரைய அனுமதி மட்டுமே. பொதுப் பயன்பாட்டுத் துறையின் ஒப்புதலுக்கு முன்பெல்லாம் நெடுங்காலம் ஆயிற்று. 2024இல் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் இதைச் சுருக்க முயல்கின்றன. ஒப்புதல் வந்த பின் விலை கேட்கும் நாளில், விற்பனையாளர் தரும் விலை அன்று மாலை வரைதான் செல்லும்; மொத்தச் சந்தை மறுநாள் மாறிவிடும். கூட்டம் போட்டு விவாதிக்க நேரம் இருக்காது என்பதால், கையெழுத்திடும் அதிகாரத்தை நிர்வாகிக்கு முன்கூட்டியே தர வேண்டும். தரும்போதே யூனிட்டுக்கு இத்தனை சென்ட்டுக்கு மேல் என்றால் கையெழுத்திடக் கூடாது, இத்தனை மாதத்துக்குக் குறையாமலும் கூடாமலும் இருக்க வேண்டும், கூடுதல் பசுமைப் பங்கு இவ்வளவு என்று மூன்று வரம்புகளையும் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். உங்கள் ஊரின் தீர்மான வரைவில் அந்த மூன்று எண்களும் காலியாக இருந்தால், வாக்கெடுப்புக்கு முன் எழுந்து அவற்றைக் கேளுங்கள்.